சுண்டை வேரில் கத்தரி: வகைமைகளைக் கலந்து எழுதுவது குறித்து

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் பாம்பனில் நடக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் காணாமற்போன ரயில்வே ஊழியர் ஒருவரின் பேத்தி, அன்று இரவு அவர் உண்மையில் எங்கே இருந்தார் என்று தேடிப் புறப்படுகிறாள். தேடல் என்பதால் துப்பறியும் கதையின் முடிச்சுகள் வந்துவிட்டன. அவர் இன்னமும் கரைக்கு வந்து போகிறார் என்று அப்பத்தா நம்புவதால் பேய்க்கதையும் நுழைந்துவிட்டது. புயல் நிஜமாக நடந்தது என்பதால் வரலாறும் இருக்கிறது. படித்த நண்பர்கள் இவற்றில் ஏதாவது ஒரு வகைமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா, கலந்தால் எது கெடும் என்று கேட்கிறீர்கள். அதோடு, ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் நான் எழுத்தைக் குறைத்துக்கொண்டு தோட்டத்தில் கிடப்பதற்கும் எழுத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கலக்கலாம். தமிழில் நாவல் தொடங்கியதே அப்படித்தான். 1879இல் அச்சேறிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் குடும்பக் கதை இருக்கிறது, நாட்டார் கதைகள் இருக்கின்றன, நகைச்சுவைத் துணுக்குகள் இருக்கின்றன, வழக்காடும் முறை பற்றிய விமர்சனம் இருக்கிறது, கதாநாயகி ஆண் வேடத்தில் ஒரு நாட்டுக்கு அரசனாகவே ஆகிவிடும் அற்புதக் கதையும் இருக்கிறது. வகைமைகளைத் தனித்தனியாக நிறுத்தியது பிற்காலத்துப் பத்திரிகைத் தொடர்களும் புத்தகக் கடை அலமாரிகளும்தான். அவற்றின் வசதிக்காக நீங்கள் ஒரு கதையை வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எதை வேண்டுமானாலும் எதோடும் கலக்கலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். கலக்கக் கூடாத ஒன்று உண்டு. இரண்டாவது கேள்விக்கான பதில் அதைச் சொல்ல உதவும் என்பதால் தோட்டத்திலிருந்தே வருகிறேன்.

இளவேனில் என்றவுடன் துளிர், பூ, புது நடவு என்றெல்லாம் எழுதுவது வழக்கம். இராமநாதபுரம் கரையில் அது பொருந்தாது. இங்கே மழை என்பது ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழைதான். ஆகவே விதைப்பும் நடவும் புரட்டாசியை ஒட்டித் தொடங்கிவிடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாய் தை, மாசியில் சிவக்கத் தொடங்கி, சித்திரை வெயிலில் களங்களில் காய்ந்துகொண்டிருக்கும். பனையில் பதநீர் இறங்குவதும் நுங்கு வெட்டுவதும் இந்த மாதங்களில்தான். ஆக, மழைக்காலத்தில் நட்டவற்றை வெயிலிடமிருந்தும் உப்பிடமிருந்தும் காப்பாற்றுவதுதான் இங்கே இளவேனில் தோட்ட வேலை. பந்தலுக்கு மேல் பனையோலை வேய்வது, வடகடல் எனப்படும் பாக் விரிகுடாக் கரையில் குவியல் குவியலாக ஒதுங்கும் கடல்புல்லை நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, செடியின் அடியில் மூடாக்காகப் போடுவது, வாய் குறுகிய மண்பானையை வேரருகே புதைத்து நீர் நிரப்பிக் கசிய விடுவது என்று நாள் போய்விடும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. கடலோர மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி சற்றே குறைவு என்பதால் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்புநீர் தள்ளியே நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சமாக இருக்கும்: மேலே 1 அடியை இறைத்துத் தாழ்த்தினால், கீழிருக்கும் உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். தனுஷ்கோடியில் இன்றும் மணலில் கையெட்டும் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக மொண்டு குடிக்கிறார்கள். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அதே இடத்தில் சில நாளில் உவர்ப்புத் தட்டிவிடும். அதனால் என் கிணற்றில் மோட்டார் கிடையாது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், வாளியால் இறைப்பதோடு சரி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இதைக் கஞ்சத்தனம் என்பார். அவருடைய தென்னை ஓலைகளின் நுனி கருகுவது ஏன் என்று அவருக்கும் தெரியும்.

இந்தப் பருவத்தில் பூ என்று சொன்னால் மல்லிகைதான். இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணலில் பதியம் போட்டு வளரும் மல்லிகை நாற்றுகள் பல ஊர்களுக்குப் போகின்றன. மதுரை மல்லி என்று பெயர் வாங்கும் பூவின் நாற்றுகளும் பெரும்பாலும் இந்தத் தீவில் வேர் பிடித்தவையே. மார்கழி வாக்கில் கவாத்து செய்த செடி, பங்குனியிலிருந்து பூத்துத் தள்ளும். என்னிடம் இருப்பவை சில செடிகள்தாம். அவற்றைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது கத்தரியைப் பற்றி. சாதாரணக் கத்தரியை எங்கள் மணலில் வைத்தால், நூற்புழு வேரில் முடிச்சுப் போட்டுவிடும், அல்லது வாடல் நோய் வந்து நன்றாயிருந்த செடி மறுநாளே துவண்டுவிடும். அதற்குச் சுண்டைக்காய்ச் செடியின் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை இப்போது தமிழ்நாட்டில் பல இடங்களில் வந்துவிட்டது. சுண்டை விதை முளைக்கச் சோம்பும், எனவே அதைக் கத்தரிக்கு முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வந்ததும், சுண்டை நாற்றைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தின் நடுவில் கீழ்நோக்கிப் பிளக்க வேண்டும். கத்தரித் தண்டின் அடியை இருபுறமும் சீவி ஆப்பாக்கி அந்தப் பிளவில் செருக வேண்டும். தோலுக்கு அடியில் மெலிதாகத் தெரியும் பச்சை அடுக்கு, மற்றதன் பச்சை அடுக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் பிடிக்காது. சிறு கிளிப் ஒன்றை மாட்டி, ஈரம் குறையாத நிழலில் ஒரு வாரம் மூடிவைத்தால், வாடிக் கவிழ்ந்திருந்த கத்தரி இலை நிமிரும். சித்திரை வெக்கையில் மூடிக்குள் செடி வெந்துவிடும் என்பதால் இந்த வேலையை மாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒட்டு பிடித்த பிறகு இளவேனிலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒட்டுக்குக் கீழே சுண்டைத் தண்டிலிருந்து தளிர் விடும். அதைப் பார்த்தவுடன் கிள்ள வேண்டும். சுண்டைதான் இந்த மண்ணைத் தாங்கி நிற்கும் முரட்டுச் செடி, வேருக்கு நேரடிச் சொந்தக்காரன். விட்டால் அந்தத் தளிர் வேரின் சாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். முள்ளும் சுண்டைக்காயுமாகச் செடி செழித்து நிற்கும், கத்தரி இருந்த இடம் தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர் “செடி நன்றாக வந்திருக்கிறதே” என்றுகூடச் சொல்வார். ஒன்றோடொன்று சேர்வதற்கும் வரம்பு உண்டு. சுண்டையும் கத்தரியும் சொலானம் என்ற ஒரே பேரினம், அதனால் சேர்கின்றன. மிளகாய் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் சுண்டை வேரில் ஒழுங்காக நிலைப்பதில்லை.

உங்கள் நாவலில் துப்பறியும் கதைதான் சுண்டை. வாசகரை இழுத்துக்கொண்டு போகும் வலு அதற்கு இருக்கிறது. எந்த மண்ணிலும் அது நிற்கும், ஆகவே அதன் மேல் கட்டுவது நல்ல யோசனையே. ஆனால் நீங்கள் காய்க்க விரும்புவது எது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்யும் வழியைத் தொல்காப்பியம் பொருளதிகாரம் நமக்கு எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற உணர்வு நிலைகள் உரிப்பொருள். “திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே” என்று கலப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு, “நிலன்ஒருங்கு மயங்குதல் இல”, அதாவது நிலங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று ஒரு வேலி போடுகிறது. அடுத்து “உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே” என்கிறது. உரையாசிரியர்கள் விளக்கத்தில் வேறுபடுவார்கள் என்றாலும், கதை எழுதுகிறவனுக்கு இதில் கிடைப்பது தெளிவானது: மற்றவை கலக்கலாம், உரிப்பொருள் கலங்கக் கூடாது.

சங்கப் பாடல்களில் இது வேலை செய்வதைப் பார்க்கலாம். உப்பு வண்டியோட்டும் உமணர் நெய்தல் நிலத்தவர். அவர்கள் பாலைப் பாடல்களிலும் வருகிறார்கள், வழியில் சமைத்துவிட்டு விட்டுச்சென்ற அடுப்புக் கற்களோடு. கடற்கரையின் பொருள் பாலை வழியான சுரத்துக்குள் வந்துவிட்டது, ஆனாலும் பாடல் பிரிவைப் பற்றியதாகவே நிற்கிறது. உமணரின் அடுப்புக் கல் அந்தப் பிரிவைக் கூட்டிக் காட்டுகிறதே தவிர, உப்பு வணிகத்தைப் பற்றிய பாடலாக அதை மாற்றிவிடுவதில்லை. வேனில் பாலைக்கு உரிய பொழுது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வானிலைக் குறிப்பேடு பாராமலே நம் இலக்கணம் இளவேனிலைக் கொண்டாட்டத்திலிருந்து பிரிவுக்கு மாற்றியிருக்கிறது. இந்தக் கரையில் இருப்பவனுக்கு அது வியப்பாக இல்லை.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். அதில் உரிப்பொருளாகக் கூடியவை இரண்டு தெரிகின்றன. பேத்தியின் அறியும் ஆவல் ஒன்று, அப்பத்தாவின் காத்திருப்பு மற்றொன்று. என்னைக் கேட்டால் அப்பத்தாவின் காத்திருப்பையே எடுப்பேன். அது நெய்தலுக்குரிய இரங்கல், பாம்பனின் மண்ணுக்கும் பொருந்தியது. அப்படி எடுத்தால் உச்சக்கட்டம் இடம் மாறும். தாத்தா அன்று புயலில் அலை கொண்டுபோன ரயிலில் இல்லை, முறை மாற்றிக்கொண்டு வேறிடம் போயிருந்தார் என்று பேத்தி கண்டுபிடிப்பதாக வைத்துக்கொள்வோம். துப்பறியும் கதையாக இருந்தால் அங்கே கதை முடிந்தது. காத்திருப்பின் கதையாக இருந்தால் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அதை அப்பத்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இப்போது பேத்தி முடிவு செய்தாக வேண்டும். உங்கள் கையெழுத்துப் படியில் கண்டுபிடிப்புக்குப் பின் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நான்கைந்து பக்கந்தான் என்றால் சுண்டைத் தளிர் மேலே போய்விட்டது என்று பொருள்.

பேய்க்கதையையும் துப்பறியும் கதையையும் சேர்ப்பதுதான் இதில் உண்மையான சிக்கல். ஒவ்வொரு வகைமையும் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. துப்பறியும் கதை, கேட்ட கேள்விக்கு விடை தருவேன் என்கிறது. பேய்க்கதை, ஒன்றை விளங்காமலே விட்டுவைப்பேன் என்கிறது. இரண்டு வாக்கையும் ஒரே கேள்வியின் மேல் வைத்தால் ஒன்று பொய்யாகத்தான் போகும். கனவில் தாத்தா வந்து இடத்தைக் காட்டிக்கொடுத்தால், அதுவரை ஆவணம் தேடி அலைந்த வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். கடைசியில் எல்லாம் யாரோ செய்த சூழ்ச்சி என்று பேயை விளக்கித் தள்ளினால், அப்பத்தாவின் நம்பிக்கை கேலிப்பொருளாகிவிடும். தமிழில் இந்த இரண்டாவது முடிவு தேய்ந்துபோன பாதை. இதற்கு ஒரு வழி உண்டு: இரண்டுக்கும் வெவ்வேறு கேள்வியைக் கொடுங்கள். “அன்றிரவு எங்கே இருந்தார்?” என்பது காகிதத்தாலும் சாட்சியாலும் விடை காணக்கூடிய கேள்வி, அது துப்பறியும் கதைக்கு. “இப்போது வருகிறாரா?” என்பது விடையற்ற கேள்வி, அது அப்பத்தாவுக்கு. முதலாவதின் விடை இரண்டாவதைத் தொடவே கூடாது. அவர் ரயிலில் இல்லை என்று ஆதாரத்தோடு தெரிந்த பிறகும், மாலையில் கரையில் அப்பத்தா யாரோடோ பேசிக்கொண்டிருப்பது தொடரலாம்.

அற்புதத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கடவுளே சென்னைத் தெருவுக்கு வந்துவிடுகிறார். ஆனால் கதை அதற்காக ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை. காபிக் கடை, பத்திரிகைச் சந்தா, வீடு என்று கந்தசாமிப் பிள்ளையின் அன்றாடத்துக்குள் கடவுள்தான் ஒடுங்கி நிற்கிறார். அப்பத்தா பார்க்கும் உருவமும் அந்த அளவில், உலையில் அரிசி போட்டாயிற்றா என்று கேட்கிற குரலில் எழுதப்பட வேண்டும். பனிமூட்டம், நாய் ஊளை, அணையும் விளக்கு எல்லாம் வேண்டாம்.

மூன்று வகைமைகளும் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூறு பக்கம் தாண்டி வரும் பேயை எந்த வாசகரும் ஏற்பதில்லை. இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. அப்பத்தா கைநாட்டு வைக்க மறுத்த ஓர் இழப்பீட்டு மனு தகரப் பெட்டியிலிருந்து வெளிவருவதாகத் தொடங்கிப் பாருங்கள். அந்தத் தாளில் தேதி இருக்கிறது, அது வரலாறு. பூர்த்தி செய்யப்படாத ஓர் இடம் இருக்கிறது, அது துப்பு. செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள மறுத்த ஒரு பெண் இருக்கிறாள், மற்ற இரண்டும் அவளுக்காகத்தான்.

வரலாற்று இழையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்: அசைக்கக் கூடாதவற்றை அசைக்காதீர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. 1914இல் திறந்த பாம்பன் பாலம் சிதைந்து, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. இராமேசுவரத்துக்கு அப்பால் ரயில் பாதை திரும்ப வரவில்லை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை, கதைக்காக நாளை மாற்றினால் முதலில் உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். நேரில் பார்த்தவர்கள் சொல்லும் கதைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அந்த முரண்களைச் சரிசெய்யாமல் அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள், துப்பறியும் இழைக்கு அவைதாம் தீனி.

நிகழ்காலக் கதையை எந்த மாதத்தில் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும், வலை பிரித்துத் தைப்பார்கள், கடலில் இருக்க வேண்டிய ஆண்கள் பகலில் ஊரில் இருப்பார்கள். கேள்வி கேட்டு அலையும் ஒரு பேத்திக்கு வயதான மீனவர்களை உட்காரவைத்துப் பேச இதைவிட வாகான காலம் கிடையாது. கையில் பணம் இல்லாத காலம் என்பதால் பேச்சில் ஒரு கசப்பும் இருக்கும். நீங்கள் அதை விரும்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

மொழியில் ஒரே எச்சரிக்கை. வகைமை மாறும்போதெல்லாம் நடையும் மாறினால், மூன்று பேர் எழுதிய நாவல் போலாகிவிடும். விசாரணைப் பகுதியில் காவல் நிலைய அறிக்கை நடையும், அப்பத்தா பகுதியில் கவிதை நடையும் என்று பிரிக்காமல் ஒரே கதைசொல்லியின் குரலை வைத்துக்கொண்டு, ஊர் வழக்கைப் பேச்சில் மட்டும் கொடுங்கள். வாடை, கச்சான், சோழகம் என்ற காற்றுகளின் பெயர்கள் தேவையான இடத்தில் தாமே வரட்டும். வடகடலைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவான தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள் என்பது அழகான செய்திதான். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இரண்டும் சேர்வதை வகைமைக் கலப்புக்கு உருவகமாக்கும் ஆசை உங்களுக்கும் வரும். இந்தக் கரையைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாருக்கும் அது வருகிறது, விட்டுவிடுங்கள்.

என் சித்திரை, வைகாசி பற்றிக் கேட்டதற்கு நேரான பதில்: இந்த மாதங்களில் நான் புதிதாக எழுதுவதில்லை. பத்து மணிக்கு மேல் மேசையில் உட்கார முடியாத வெக்கை என்பதே முதற்காரணம், அதற்கு மேல் தத்துவம் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் எழுதிய படியை மாலையில் எடுத்து, உரிப்பொருளுக்குச் சாரம் தராத காட்சிகளை அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரும்பாலும் அடிபடுவது நான் மிகவும் ரசித்து எழுதிய சாகசக் காட்சிகளே.

அட்டையில் எந்த வகைமையைப் போடச் சொல்வது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, ‘நாவல்’ என்ற ஒரு சொல் போதும் என்பேன். பின்னட்டைக் குறிப்பில் புயலையும் தேடலையும் தாராளமாகச் சொல்லுங்கள். அப்பத்தா பார்க்கும் உருவத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வேண்டாம். பின்னட்டையில் பேயைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர், அது வரும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் காத்திருப்பார், வந்தபின் அதற்கு ஆதாரமும் கேட்பார். பதிப்பாளர் வற்புறுத்தினால் இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.